அப்துல்லாவின் கிளந்தான் பயணத்துக்கு எந்தக் காலத்துப் படங்கள் பொருந்தும்?

தேக்கா வாசகன்:
மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1838இல் சிங்கப்பூரிலிருந்து பகாங், திரெங்கானு வழியாகக் கிளந்தான் போன பயணக் குறிப்பைத் தமிழில் சிறு நூலாக்குகிறோம். ஏ5 அளவு, உள்தாள் கறுப்பு வெள்ளை, நடுவில் 8 பக்கம் வண்ணம். புறப்பட்ட ஊரைக் காட்ட ஜான் டர்ன்புல் தாம்சனின் ஓவியங்களைப் போடலாமா? கிளந்தானுக்கு என்ன செய்வது? அச்சில் என்ன கவனிக்க வேண்டும்?

கோல்மன் வரைபடம்:
நல்ல முயற்சி. நாகூரில் வேர் உள்ள, தமிழ் படித்த ஒருவரின் பயணம் தமிழில் வரத்தான் வேண்டும்.

தாம்சன் அரசாங்க நில அளவையாளராகச் சிங்கப்பூருக்கு வந்ததே 1841இல். பாடாங் திடலில் பல இனத்தாரும் கூடியிருக்கும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 1851இல் வரைந்தது, பயணத்துக்கு 13 ஆண்டு பிந்தியது. மக்களின் உடை, வண்டி, குதிரை இவற்றுக்கு அது போதும். கட்டடங்களுக்கு நம்பக் கூடாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பாருங்கள். 1838இல் அதற்குக் கூர்கோபுரம் இல்லை; 1842இல் தாம்சனே சேர்த்தார். படத்தில் கூர்கோபுரம் நின்றால் அது அப்துல்லா பார்த்த ஊர் இல்லை. தியான் ஹொக் கெங் கோயில் வேலை தொடங்கியது 1839இல், மாரியம்மன் கோயிலின் இன்றைய கோபுரம் 1925இல். தெலுக் ஆயரில் கடலோரத்தில் நின்ற நாகூர் தர்காவும், சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள சூலியா பள்ளிவாசலும் அவர் காலத்திலேயே இருந்தவை. அவற்றைத் தயங்காமல் காட்டலாம்.

ஆண்டு நெருக்கமாக வேண்டுமானால் பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்த ஓவியர்களைத் தேடுங்கள். பொனித் 1837இல் வந்தது, அஸ்ட்ரோலாப் 1839இல். உங்கள் பயணம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஒரு எச்சரிக்கை: கப்பலில் போட்ட கோட்டோவியத்தை ஐரோப்பாவில் வேறொருவர் கல்லச்சுக்காக (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) திரும்ப வரைந்திருப்பார். அப்போது குன்று உயரும், இல்லாத தென்னை முளைக்கும். சில வேளை படமே இடவலம் மாறிவிடும். கடலிலிருந்து கரையைப் பார்க்கும் படமென்றால் ஆற்று முகமும் தெலுக் ஆயரும் இடது கையில், கம்போங் கிளாம் வலது கையில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வரைபடத்துக்கு ஜாக்சனுடையதை எடுக்காதீர்கள். அது 1822இல் ஊர் எப்படி அமைய வேண்டும் என்று போட்ட திட்டம். கோல்மன் 1836இல் அளந்ததை எடுங்கள்.

மை தாள் மடிப்பு:
அச்சைப் பற்றிச் சொல்கிறேன். ஏ5 முழுப்பக்கப் படத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டு விளிம்பு சேர்த்தால் 154 × 216 மி.மீ. அதற்கு 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1,819 × 2,551 பிக்சல் தேவை. இணையத்தில் இறக்கிய 1,000 பிக்சல் அகலப் படம் 85 மி.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும், பெரிதாக்கினால் முகங்கள் கரைந்துபோகும்.

பிற்காலப் புத்தகத்தில் மறுபதிப்பான படத்தை ஸ்கேன் செய்யாதீர்கள். அதில் ஏற்கெனவே புள்ளித்திரை, அதாவது அச்சின் நுண்புள்ளி வரிசை, இருக்கிறது. நம் அச்சகம் இன்னொரு புள்ளித்திரை போடும்போது இரண்டும் மோதி, வானம் முழுக்க அலை அலையாகக் கோடு விழும். மூலக் கல்லச்சில் அந்தத் திரை கிடையாது. வேறு வழியே இல்லையென்றால் 600 டிபிஐ-யில் எடுத்து, திரைநீக்கம் செய்து, பிறகு சிறிதாக்குங்கள்.

தாளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மறையும். நீலச் சேனலில் அவை கரும்புள்ளியாகத் தெரியும். வண்ணப் படத்தில் தாளின் பழுப்பை முழுக்க வெளுக்க வேண்டாம். நீர்வண்ண வானத்தின் மெல்லிய நீலம்தான் முதலில் பறிபோகும்.

8 வண்ணப் பக்கம் என்பது இரண்டு ஏ4 தாள் மடிப்பு. நடுவில் பின் அடித்தால் அவை நூலின் நட்டநடுவில்தான் வரும், அநேகமாகத் திரெங்கானு பகுதியில். அதனால் சிங்கப்பூர்ப் பத்தியின் ஓரத்தில் ‘வண்ணப்படம் 1’ என்று போட்டுவிடுங்கள்.

தேக்கா வாசகன்:
நன்றி. கிளந்தானுக்கு? உரிமை பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோல்மன் வரைபடம்:
சிங்கப்பூருக்குக் கிடைப்பது போல அங்கே காட்சி ஓவியம் கிடைக்காது. இட்டு நிரப்ப வேறு ஊர்க் காட்சியைப் போட்டால் அது பொய். காட்சியை விட்டுப் பொருளைக் காட்டுங்கள். அப்துல்லா படகு, ஆயுதம், சந்தை என்று நிறையவே எழுதுகிறார். படகுக்கு, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் 1840களில் வெளியிட்ட அளவு வரைபடங்கள். கிரிஸ் குத்துவாளுக்கு 1817இல் ராஃபிள்ஸின் ஜாவா வரலாற்று நூலில் வந்த படத்தகடுகள். செடி, பழம், மீனுக்கு ஃபார்குவார் தொகுப்பின் 477 நீர்வண்ணங்கள் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. சீன ஓவியர்கள் வரைந்தவை. அவை மலாக்காவில் வரைந்தவை என்பதைப் படக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓவியர் இறந்து 70 ஆண்டு கடந்ததால் இந்தப் படங்களுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் படக்கோப்பைத் தரும் நிறுவனத்துக்குத் தனி நிபந்தனை இருக்கும். 1851 பாடாங் ஓவியம் நியூசிலாந்தின் டனீடனில் ஹாக்கன் நூலகத்தில் இருக்கிறது; அங்கேயே எழுதிக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் தளத்துப் படங்களுக்கும் அப்படியே. நூலின் அளவு, பிரதி எண்ணிக்கை, விற்பனையா இலவசமா என்பதை முதல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். டிஃப் கோப்பாகக் கேளுங்கள்.