மாஸ்டடான் டெஸ்க்டாப் செயலிகள்: புதுப்பிப்பு

ட்விட்டர் 2023 ஜனவரியில் வெளிச் செயலிகளுக்குக் கதவைச் சாத்திய பிறகு அதைப் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானுக்கு வந்தவர்கள் கணினியில் எதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு இழை எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் மாறவில்லை, ஐவரிதான். ட்விட்டருக்கான பழைய செயலி ட்வீட்பாட்டைச் செய்த அதே ஆட்கள் செய்தது, பழகிய கை தானாகப் போய் உட்காரும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். அது பிடிக்காதவர்கள் மோனாவைப் பாருங்கள்.

லினக்ஸில் என்ன என்று பலர் கேட்டீர்கள். டூபா. லினக்ஸின் க்னோம் மேசைச் சூழலுக்காகவே ஜிடிகே என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதியது, இணையத் தொழில்நுட்பத்தில் கட்டிய எலக்ட்ரான் செயலிகள் மாதிரி ஒரு முழு குரோமியம் உலாவியை வயிற்றுக்குள் சுமந்து திரிவதில்லை, அதனால் பழைய லேப்டாப்பும் தாங்கும்.

அப்புறம், ட்விட்டரின் ட்வீட்டெக் போலத் திரையில் பல பத்திகள் (column) வேண்டும் என்பவர்கள் எதையும் நிறுவ வேண்டாம்: மாஸ்டடான் தளத்திலேயே அமைப்புகளில் தோற்றம் பகுதிக்குப் போய் மேம்பட்ட இணைய இடைமுகத்தை இயக்கினால் போதும், அறிவிப்பு, பட்டியல், ஹேஷ்டேக் எல்லாம் தனித்தனிப் பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

நான் இப்போது நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பது ஃபான்பி. உலாவியில் ஓடுவதுதான், ஆனால் தனிச் சாளரமாக நிறுவிக்கொள்ளலாம். மறுபகிர்வுகள் குவியும்போது அவற்றை ஒரே வரிசையில் பக்கவாட்டில் அடுக்கிவிடும், நண்பர்கள் சொந்தமாக எழுதியது அதில் அமுங்கிப் போகாது. இதற்காகவே மாறினேன், சத்தியமாக. விண்டோஸ்காரர்களுக்கும் என் சிபாரிசு இதுதான்.