பிலிப்பைன்ஸில் ஓட்டு விழுவது நன்றிக்கடனுக்கா, வேறு வழியில்லாததற்கா?

தாவாவ் மாணவன்:
சர்வாதிகாரி மார்கோஸை 1986-ல் விரட்டிய நாட்டில் 2022-ல் அவர் மகன் மூன்று கோடிக்கு மேல் ஓட்டு வாங்கி அதிபரானார். 'உதாங் நா லோஓப்' என்ற வார்த்தையில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது. உள்ளத்தில் சுமக்கும் கடன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் தீராது. நான் அங்கே தாவாவ் நகரில் மருத்துவம் படித்தபோது வார்டில் ஓர் அம்மா இருந்தார். டயாலிசிஸ் பில்லோடு அவர் மகள் எம்பி அலுவலக வரிசையில் நின்று, பில்லை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் 'கேரண்டி லெட்டர்' வாங்கி வந்து கவுண்டரில் நீட்டுவாள். அது அரசுப் பணம்தான். ஆனாலும் அந்த அம்மா கும்பிட்டது கையெழுத்துப் போட்டவரை.

பழைய மாலுமி:
தம்பி, 14 வருஷம் பிலிப்பினோக்களோடு கப்பலில் சாப்பிட்டவன் சொல்கிறேன். பண்பாட்டின் மேல் பழியைப் போட்டால் மேலே இருப்பவன் தப்பித்துக்கொள்வான். வரிசையில் நிற்காமலே சிகிச்சை கிடைத்தால் அந்த அம்மா ஏன் எம்பியைக் கும்பிடப்போகிறார்? 1987 அரசியல் சட்டம் குடும்ப அரசியலைத் தடை செய்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கிறபடி' என்று ஒரு வால். வரையறுக்க வேண்டிய சபையில் உட்கார்ந்திருப்பதே அந்தக் குடும்பங்கள்தான். 2016-ல் ஒரு தடை வந்தது, அதுவும் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு! பிள்ளைகளுக்கு மட்டும் ஒழுக்கம்.

வெண்மதி:
சட்டம் போட்டால் சரியாகிவிடுமா அண்ணே? மேயர் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் இருக்க முடியாது என்பதும் சட்டம்தான். மனைவி நிற்கிறார், அப்புறம் மகன், அப்புறம் பழையபடி அவரே. என் மணிலா சக ஊழியரின் கல்யாணப் பத்திரிகையில் கல்யாணத்துக்குச் சாட்சியாக நிற்கும் ஞானத்தந்தைகள் பட்டியலில் முதல் பெயரே மேயருடையது. நாளைக்கு அவர் வந்து ஓட்டுக் கேட்டால் எந்த முகத்தோடு இல்லை என்பது?

பழைய மாலுமி:
மணிலா பக்கத்துப் பாசிக் நகரம் 'இல்லை' என்று சொன்னதே! 1992 முதல் 27 வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ஊர். 2019-ல் 29 வயது விக்கோ சோட்டோ மேயராக ஜெயித்தார். 2022, 2025 என்று திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார். அங்கே ஞானத்தந்தைகள் இல்லையா என்ன?

தாவாவ் மாணவன்:
அவர் அப்பா விக் சோட்டோ நாடே அறிந்த டிவி நட்சத்திரம். பெரியப்பா அப்போது செனட் தலைவர். வெறுங்கையோடு வந்தவர் யாரும் அங்கே 27 வருஷக் குடும்பத்தைச் சாய்க்கவில்லை அண்ணே.

பழைய மாலுமி:
சரி, அது உங்கள் பக்கம். ஆனால் 2025-ல் சுகாதாரத் துறை மருத்துவமனைகளின் சாதாரண வார்டில் பில்லே கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள். லெட்டர் வரிசை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

தாவாவ் மாணவன்:
அறிவித்தது யார் அண்ணே? மார்கோஸ். அந்த அம்மாவுக்கு இனி எம்பி அலுவலகம் வேண்டாம், நேராக அதிபரையே கும்பிடலாம்.