‘நீட் நாட் ஹாவ்’ வடிவத்துக்கு ‘மிகைவினை எதிர்மறை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தில் ‘நீட் நாட் ஹாவ்’ (need not have), ‘டிட் நாட் நீட் டு’ (did not need to) என்று இரண்டு வினை வடிவங்கள் உண்டு. இவற்றுக்குத் தமிழில் பெயர் வைக்கும்போது இரண்டையும் ‘தேவையின்மை இறந்தகாலம்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது என்றே படுகிறது.

போன மாதம் அம்மாவைச் சர்க்கரைச் சோதனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனை. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. அது தெரியாமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்திருந்தார். ரத்தம் எடுத்த பெண், “சாப்பிடாம வந்திருக்க வேண்டாமேம்மா” என்றார். ‘நீட் நாட் ஹாவ்’ என்பது இதுதான். பட்டினி கிடந்தாயிற்று, தேவைதான் இருக்கவில்லை. அம்மா முன்பே விசாரித்து இட்லி சாப்பிட்டு வந்தவராக இருந்தால், “பட்டினியாக வர வேண்டியிருக்கவில்லை” என்பார். அது ‘டிட் நாட் நீட் டு’.

இந்த இரண்டிலும் ‘இரு’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ‘வந்திருக்க வேண்டாம்’ என்னும்போது செயலோடு ஒட்டுகிறது. ‘வர வேண்டியிருக்கவில்லை’ என்னும்போது தேவையோடு ஒட்டுகிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். முன்னதில் ‘ஹாவ்’ செயல்வினையைப் பிடித்துக்கொள்கிறது. பின்னதில் இறந்தகாலம் ‘நீட்’ மேல் ஏறுகிறது. இத்தனை தூரத்து மொழிகள் இரண்டும் ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். (அமெரிக்கர்கள் ‘நீட் நாட் ஹாவ்’ அதிகம் சொல்வதில்லை. ‘டிட் நாட் நீட் டு’வையே ‘நீட்’டை அழுத்திச் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள்.)

சரி, பெயருக்கு வருவோம். நடந்து முடிந்த, ஆனால் தேவைப்படாத செயல் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். முதலில் ‘வீண்வினை’ என்றுதான் யோசித்தேன். ஆனால் வீண் என்றாலே ஒரு குறை சொல்லும் தொனி வந்துவிடுகிறது. விருந்தாளி பழக்கூடையோடு வந்தால், “எதுக்கு இதெல்லாம், வாங்கிட்டு வந்திருக்க வேண்டாமே” என்கிறோம். அந்தப் பழம் வீணா என்ன? குறை சொல்லத்தான் ‘ஷுட் நாட் ஹாவ்’ இருக்கிறதே. ‘வந்திருக்கக் கூடாது’ என்று அதைத் தமிழிலும் தனியாகத்தான் சொல்கிறோம்.

‘மிகை’ பொருந்துகிறது. “பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை” என்ற குறளில் தேவைக்கு மேற்பட்டது என்ற பொருள்தான். இன்று மிகை என்றதும் மிகைப்படுத்தல் நினைவுக்கு வரும் என்று தயங்கலாம். ஆனால் ‘மிகைநேரப் பணி’யை யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. அதனால் ‘நீட் நாட் ஹாவ்’ வடிவத்துக்கு ‘மிகைவினை எதிர்மறை’ என்று முன்மொழிகிறேன்.

‘டிட் நாட் நீட் டு’ வடிவத்துக்குத் ‘தேவையின்மை எதிர்மறை’ இருக்கட்டும். செயல் நடந்ததா இல்லையா என்று அந்த வடிவம் சொல்வதில்லை. பெயரும் சொல்லாமல் இருப்பதே சரி.