புதுப்பிப்பு: இழுப்புத் தறியில் பூ ஓரம் கலைவது ஏன்?

முதல் பதிவில் கேட்டது இதுதான்: இழுப்புத் தறியில் (கயிற்றை இழுத்து, வேண்டிய இழைகளை மட்டும் தூக்கிப் பூ நெய்யும் தறி) 480 பாவு இழை (நீளவாட்டு நூல்), ஐந்திழைச் சாட்டின் (வழவழப்பான நெசவு), ஐந்து இழைக்கு ஒரு கட்டாக 96 இழுகயிறு. காலையில் நெய்தால் பூவின் ஓரம் கலைகிறது, மதியம் சரியாகிவிடுகிறது.

குற்றம் கயிற்றில்தான். முறுக்கிய பருத்திக் கயிறு ஈரம் குடித்தால் பருத்து, நீளம் குறையும். வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு ஏர்கானை அணைத்தாலே கயிறு ஈரம் குடித்துவிடும். காலையில் இழுக்காத கட்டுகளும் சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும், ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா அவற்றின் அடியில் நுழைந்துவிடும்.

96-ஐயும் பின்னல் பாலியஸ்டருக்கு மாற்றியாயிற்று. அதில் முடிச்சு வழுக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைத் தீயில் லேசாக உருக்கவும். பாவுக்கு அடியில் நேரான மரச்சட்டம் வைத்து, பாவு இழை நுழையும் எல்லாக் கண்ணும் ஒரே மட்டமா என்று பார்த்த பிறகே இறுக்கவும்.

கட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடை, கட்டுக்கு 50 கிராம், மொத்தம் 4.8 கிலோ. எவர்சில்வர் போல்ட் நல்லது. இரும்பு இந்த ஊர்க் காற்றில் துருப்பிடித்துப் பட்டில் கறை வைக்கும், அது எளிதில் போகாது.

முன்விழுது (தறியின் முன்பக்கம் பாவு இழை நுழையும் கண்ணுள்ள நூல்) பற்றிக் கேட்டவருக்கு: அதன் கண் 6 செ.மீ. நீளமாவது வேண்டும். சாதாரண விழுது போட்டால், இழுகயிறு தூக்கிய இழையை அது மேலே விடாது.

ஒரே இழை துணி நெடுகத் தவறினால் அது கோர்த்த பிழை. கயிற்றைத் தொட வேண்டாம்.