உதவி: கிரீன்லாந்து வரைபடத்தில் கடல் 28 மீட்டர் உயரத்தில் நிற்கிறது!

பென்னாகரத்தான்: அவசரம். திங்கட்கிழமை கல்லூரியில் காட்டணும். கிரீன்லாந்து மேற்குக் கரைக்குப் பனி உயர வரைபடம் போட்டேன். கடல் 0 வரவேண்டிய இடத்தில் 28 வருகிறது. நடுநடுவே ஓட்டை வேறு. என்ன தப்பு?

மாங்கொட்டை: எந்தத் தரவு? எந்த மென்பொருள்?

ஓசூர்க்காற்று: ஓதம் ஏறியிருந்த நேரத்தில் எடுத்த படமாக இருக்கும்.

மாங்கொட்டை: 28 மீட்டர் ஓதமா! ஓதத்துக்குப் பேர்போன கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலேயே 16 மீட்டர்தான் அண்ணா.

பழைய அளவையர்: வருஷத்துக்கு நாலு பேர் இதையே கேட்கிறார்கள். தரவோடு வரும் குறிப்பைப் படித்தால் போதும். யார் படிக்கிறார்கள்?

பென்னாகரத்தான்: மன்னிக்கணும் சார். தரவு ஆர்க்டிக்டெம் (செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த வடதுருவ உயரத் தரவு), 2 மீட்டர் கட்டம் கொண்ட துண்டு. மென்பொருள் கியூஜிஐஎஸ்.

மாங்கொட்டை: அப்படியென்றால் தப்பே இல்லை தம்பி. ஆர்க்டிக்டெம் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டு என்ற, பூமிக்குக் கணக்கில் போட்ட சற்றுத் தட்டையான கோளத்திலிருந்து அளந்தது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணக்குக் கோளத்துக்கு மேலே இருக்கிறது. நம் பக்கம் தலைகீழ். எலிப்சாய்டு உயரம் காட்டும் ஜிபிஎஸ் கருவியைத் தருமபுரி ரயில் நிலையத்தில் வைத்தால், பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாக வரும். கடல்மட்டம் அந்தக் கோளத்திலிருந்து எங்கே எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் இஜிஎம் 2008 ஜியாய்டு கிரிட்டை இறக்கிக் கழித்துவிடு.
ஓட்டைக்குக் காரணம் வேறு. இரண்டு கோணத்தில் எடுத்த படங்களைப் பொருத்தித்தான் உயரம் எடுக்கிறார்கள். மேகம் மறைத்தாலோ, புதுப்பனி வெள்ளை வேட்டிபோல் ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடந்தாலோ பொருத்தம் கிடைக்காது. அங்கே தரவு இல்லை என்பதற்கு அடையாளமாக -9999 இருக்கும், சராசரியில் சேர்த்துவிடாதே.

ஓசூர்க்காற்று: இதற்குத்தான் ரேடார் வேண்டும். கிரையோசாட்-2 ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் ஒரு பொருட்டா?

பழைய அளவையர்: ரேடார் உலர்பனிக்குள் இறங்கிவிடும். 2012 ஜூலையில் கிரீன்லாந்து மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் உருகி மறுபடி உறைந்தது. அந்தக் கட்டி அடுக்கில் ரேடார் உள்ளே இறங்காமல் பட்டுத் திரும்பி, பனி திடீரென உயர்ந்ததுபோல் காட்டியது. சரிபார்க்க ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர்தான்.

ஓசூர்க்காற்று: லேசர் மட்டும் மேகத்தைத் துளைக்குமா சார்?

அரூரான்: அது கிடக்கட்டும், தருமபுரிக்காவது பலகை இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரருக்கு ரயிலே இல்லையே!

மாங்கொட்டை: அந்த வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீங்க.

பென்னாகரத்தான்: கழித்தேன், கடல் 0.6 வருது. ரொம்ப நன்றிண்ணா. கரண்ட் போய்விட்டது, அப்புறம் வருகிறேன்.

பழைய அளவையர்: துண்டுகள் ஒவ்வொன்றும் சில மீட்டர் விலகியிருக்கலாம். லேசர்ப் புள்ளிகளோடு ஒப்பிட்டாயா?

மாங்கொட்டை: தம்பி?