வெறுமையாக ஓடினால் நடுக்கம், பாரம் ஏற்றினால் உலுக்கல்: பழைய ஹைலக்ஸ் டபிள் கெப்புக்கு உதவி தேவை

கேள்வி (வெல்லாவெளி)

வணக்கம். எங்களிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 டபிள் கெப். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், முன் சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் (பூட்டினால்தான் சக்கரம் முன் அச்சோடு சேர்ந்து சுழலும்). எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட குழாயான பின் சாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் சென்டர் பெயரிங்கில் தொங்குகிறது. போக காலத்தில் வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) நெல் மூட்டை ஏற்றி வருவதே இதன் முதன்மையான வேலை. மற்ற நாட்களில் களுவாஞ்சிக்குடிக்கும் மட்டக்களப்புக்கும் போய் வருகிறோம்.

பெரும்போக அறுவடைக்கு முன், பாரம் தாங்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கில் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டோம். அறுவடை முடிந்த கையோடு, மெதுவாக ஓடும்போது அடியிலிருந்து கிறீச் கிறீச் என்ற ஒலி கேட்கத் தொடங்கியதால், ஒரு கராஜில் பின் சாஃப்டைக் கழற்றி குரொஸ்கள் (சாஃப்ட் கோணத்தில் மடங்கிச் சுழல விடும் சிலுவை வடிவ மூட்டுகள்) அனைத்தையும் மாற்றினார்கள். கிறீச்சிடல் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, வெறும் வாகனமாக மணிக்கு 65 கிலோமீற்றரைத் தாண்டியதும் இருக்கையின் அடியிலும் தரையிலும் ஒரு நடுக்கம் எழுந்து, 80 வரை கூடிக்கொண்டே போகிறது. ஸ்டீயரிங்கில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. மூட்டை ஏற்றினால் இந்த நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனால் அப்போது முதலாம் கியரில் புறப்படும்போது வாகனத்தின் நடுப்பகுதி உலுக்குகிறது.

கராஜில் கேட்டால் பழைய வாகனம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டின் வருமானத்தில் பெரும் பங்கு இந்த வாகனத்தை நம்பி இருப்பதால், அந்தப் பதிலோடு விட்டுவிட மனம் இல்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கல்முனை)

சாஃப்டைத் தொடுவதற்கு முன் சக்கரங்களைப் பாருங்கள். வயலில் இறங்கிய வாகனத்தின் ரிம்மின் உட்புறத்தில் களி ஒட்டி, காய்ந்து, கல்லாக இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ரிம் சுத்தமாகவே தெரியும். பின் சக்கரங்களைக் கழற்றி உட்புறத்தை நன்றாகச் சுரண்டிக் கழுவுங்கள். சாஃப்ட் குழாயிலும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு வீல் பலன்ஸ் பார்ப்பது நல்லது. பணம் அதிகம் செலவாகாத வேலை என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

பதில் (அக்கரைப்பற்று)

கல்முனைக்காரர் சொன்னதை முதலில் செய்யுங்கள், தம்பி. ஆனால் பாரம் ஏற்றியதும் நடுக்கம் அடங்குகிறது என்று நீங்கள் எழுதியதுதான் என்னை நிறுத்தியது. பலன்ஸ் இல்லாத சக்கரத்துக்குப் பாரம் ஏற்றியதும் குணம் மாறாது. ஆகவே இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பொருள் வாங்கத் தொடங்கினால் காசுதான் போகும்.

வெறும் வாகனத்தை நல்ல தார் வீதியில் 70இல் ஓட்டி, ஐந்தாம் கியரிலும் நான்காம் கியரிலும் நடுக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாவிட்டால் எஞ்சினையும் கிளச்சையும் மறந்துவிடலாம். அந்த வேகத்தில் உங்கள் சக்கரம் விநாடிக்கு எட்டு ஒன்பது தடவை சுற்றும். சாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃப்பின் விகிதம் நான்குக்குச் சற்று மேல் என்பதால் சாஃப்ட் ஏறத்தாழ 35 தடவை சுற்றும். சக்கரக் கோளாறு தனித்தனி அடிகளாக உடம்பில் படும். சாஃப்ட் கோளாறு அடர்த்தியான ரீங்காரமாக வரும். அடுத்து, முன் ஹப் இரண்டும் திறந்த நிலையில் உள்ளனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று பூட்டியும் மற்றது திறந்தும் இருந்தால் முன் டிஃப்புக்குள் சிறிய பற்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று வேறொரு ஒலியைச் சேர்த்துவிடும். இரண்டையும் திறந்துவிட்டு, டூ வீலில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில்) ஓட்டினால் முன் சாஃப்ட் நின்றுவிடும். அப்போதும் நடுக்கம் மாறாவிட்டால் கோளாறு பின்னால்தான்.

வெல்லாவெளி

இருவருக்கும் நன்றி. பின் ரிம்களிலிருந்து கை நிறையக் களி வந்தது. கழுவிப் பலன்ஸ் செய்த பிறகு நடுக்கம் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கியர் மாற்றினாலும் அதே வேகத்தில் அதே அளவில் இருக்கிறது. நியூட்ரலில் விட்டாலும் தொடர்கிறது. ஹப் இரண்டும் திறந்தே இருந்தன. அக்கரைப்பற்று நானா சொன்னது போல அது தனித்தனி அடியாக இல்லை, ஒரே ரீங்காரமாக இருக்கிறது.

பதில் (அக்கரைப்பற்று)

அப்படியானால் பின் சாஃப்ட்தான். வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அடியில் படுத்து, சென்டர் பெயரிங்குக்குப் பின்னால் உள்ள துண்டைப் பாருங்கள். அதன் ஒரு முனையில் உள்ள கவையும் (குரொஸைப் பிடிக்கும் இரு கிளை முனை) மறு முனையில் உள்ள கவையும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அந்தத் துண்டில் நீளம் கூடிக் குறைவதற்காகப் பள்ளமிட்ட சறுக்கு முனை ஒன்று இருக்கிறது. குரொஸ் மாற்றும்போது அதை உருவிவிட்டு, அடையாளம் வைக்காமல் சில பற்கள் தள்ளிச் செருகிவிட்டால், கவைகள் ஒன்றுக்கொன்று திரும்பிவிடும்.

கோணத்தில் வேலை செய்யும் குரொஸ் ஒரு சுற்றுக்குள் தனக்குப் பின்னால் உள்ள சாஃப்டை இரண்டு தடவை வேகப்படுத்தி, இரண்டு தடவை தாமதப்படுத்தும். கவைகள் ஒரே தளத்தில், இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் மட்டுமே பின்னால் உள்ள குரொஸ் அந்த ஏற்ற இறக்கத்தை ஈடு செய்துவிடும். தளம் தவறினால் ஈடு செய்யாது, சில நிலைகளில் கூட்டவும் செய்யும். கோணம் பெரிதாக இருக்கும் அளவுக்குக் கேடும் பெரிதாகும். நீங்கள் போட்ட கூடுதல் பட்டை வெறும் வாகனத்தின் பின்பகுதியைத் தூக்கிவிட்டதால் கோணம் பெருத்திருக்கிறது; மூட்டை ஏற்றியதும் அது இறங்கிக் கோணம் சிறுக்கிறது. பாரத்தில் நடுக்கம் அடங்குவதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

புறப்படும்போது வரும் உலுக்கல் வேறு. சென்டர் பெயரிங்கைச் சுற்றியுள்ள இறப்பரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால், பாரத்தோடு முதலாம் கியரில் இழுக்கும் விசையில் சாஃப்டின் நடு துள்ளும். கையால் சாஃப்டை மேலும் கீழும் அசைத்தாலே தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிளேன்ஜிலும் (சாஃப்டைப் போல்டால் பூட்டும் தட்டு) எதிரெதிரே பெயின்டால் கோடு போடுங்கள். சென்டர் பெயரிங்கின் தாங்கியைப் பூட்டும்போது போல்ட்களை முதலில் தளர்வாக விட்டு, வாகனம் தன் எடையோடு சக்கரங்களில் நின்ற பிறகு, பெயரிங் சாஃப்டுக்குச் செங்குத்தாக அமர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிய இறப்பர் சீக்கிரம் கிழிவதற்கு அதுவே காரணமாகிறது.

வெல்லாவெளி

பார்த்தேன். சறுக்கு முனையில் கிரீஸைத் துடைத்ததும் பழைய பஞ்ச் அடையாளங்கள் இரண்டு தெரிந்தன. ஒன்று மேலே நிற்க, மற்றது பக்கவாட்டில் விலகி நின்றது. பெயரிங்கின் இறப்பர் கீழ்ப்பாதியில் முழுவதும் பிரிந்து, சாஃப்ட் தாங்கியின் இரும்பில் உரசிப் பளபளத்திருந்தது. வேறொரு கராஜில், நான் பக்கத்தில் நின்று, அடையாளங்களை நேராக்கிச் செருகி, புதிய பெயரிங் போட்டு, நீங்கள் எழுதிய முறையிலேயே இறுக்கினோம். வெறும் வாகனமாக மட்டக்களப்பு வரை 80இல் ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. பாரத்தோடு புறப்படும் உலுக்கலும் இல்லை.

நடுக்கம் நின்ற பிறகு இன்னொன்று காதில் விழுகிறது. 50 அளவில் எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வருகிறது, மிதித்தால் மறைகிறது.

பதில் (செங்கலடி)

அது பினியன் (சாஃப்டோடு சேர்ந்து சுழன்று டிஃப்பை ஓட்டும் சிறிய பற்சக்கரம்) பெயரிங் தேய்ந்ததன் ஒலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சாஃப்ட் நீண்ட நாள் நடுங்கிக்கொண்டிருந்தால் அதன் அடியை முதலில் வாங்குவது பினியனின் முன் பெயரிங்கும் ஒயில் சீலும்தான். சாஃப்டைப் பின் பிளேன்ஜில் கழற்றிவிட்டு, பிளேன்ஜைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசையுங்கள். சுழற்றும் திசையில் சிறிது இடைவெளி இருப்பது இயல்பு. மற்றத் திசைகளில் அசைவு தெரிந்தால் பெயரிங் போய்விட்டது என்று கொள்ளலாம். டிஃப் ஒயிலைச் சிறிது வடித்தும் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாய்க்காலில் இறங்கும் வாகனங்களில் பிரீதர் (டிஃப்பின் காற்றுத் துவாரம்) அடைத்துக்கொண்டால், சூடான டிஃப் தண்ணீரில் குளிரும்போது சீல் வழியாக உள்ளே இழுத்துவிடும். இரும்புத் துகள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

யாராவது பினியன் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பல டிஃப்களில் அந்த நட்டுக்குப் பின்னால், அளவாக நசுங்கும்படி செய்த ஒரு வளையம் இருக்கிறது. கணக்கில்லாமல் இறுக்கினால் பெயரிங் மேல் அழுத்தம் கூடி, சூடேறி, சத்தம் சில நாள் மறைந்து, பிறகு டிஃப்பே பூட்டிக்கொள்ளக்கூடும். புதிய வளையம், புதிய பெயரிங், புதிய சீல் போட்டு, பினியனைச் சுழற்றத் தேவையான விசையை அளந்து இறுக்கும் ஒருவரிடம் கொடுங்கள். டிஃப்புக்கு ஊற்றும் ஒயில் ஜிஎல்-5 என்று குறித்த கியர் ஒயில் தரத்தில் இருக்கட்டும். அதையே கியர்பொக்ஸுக்கும் ஊற்ற விடாதீர்கள், கியர் மென்மையாக விழ உதவும் சின்க்ரோவின் பித்தளை வளையங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். சிறுபோகத்துக்குப் பாரம் ஏற்றத் தொடங்குவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.