புதுப்பிப்பு: படகில் ஏற மேடையா, ஏணியா? ஏணியே வைத்துவிட்டோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: மேலூர் பக்கம் குத்தகைக் கண்மாயில் ஓடும் எங்கள் 12 அடி ஃபைபர் படகில், தண்ணீரிலிருந்து ஏறப் பின்புறம் மேடை வைப்பதா, ஏணி போதுமா என்று. வலை எடுக்கும்போது சித்தப்பா தவறி விழுந்து, ஏற முடியாமல் விளிம்பைப் பிடித்தபடியே கிடந்தார். அதனால்தான் கேட்டேன்.

மேடை வேண்டாம் என்று முடிவு செய்தோம். மோட்டார் கனமே பின்னால்தான். அங்கே இன்னொரு ஆளும் நின்றால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்குகிறது. மேடை வைத்தாலும் அதில் ஏற ஏணி வேண்டுமே!

முதலில் இரண்டு படி ஏணி செய்தோம். தப்பு. கால் படகுக்கு அடியில் போய்விடுகிறது, முழு எடையும் கையில் விழுகிறது. அமெரிக்கப் படகுத் தர விதியில் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே 22 அங்குலமாவது இருக்க வேண்டும். மதுரைப் பட்டறையில் நான்கு படியாக, மடக்கும் விதத்தில் மாற்றினோம். அப்புறம் சித்தப்பா தண்ணீரில் இருந்தபடியே கயிற்றை இழுத்து இறக்கி, யார் கையும் பிடிக்காமல் ஏறிவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போல்ட்டை வெறும் ஃபைபரில் முடுக்காதீர்கள், பிய்ந்துவிடும். உள்பக்கம் தகடு கொடுங்கள். ஏணியை மோட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள். ஆள் ஏறும்போது மோட்டார் கண்டிப்பாக நின்றிருக்க வேண்டும்.